மருந்துக்கு மசியாத கிருமிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன தடவை 250-லேயே சரியாகிவிட்டது. இப்போது 500 போட்டும் கேட்கவில்லை. உடம்பு ஆன்டிபயாடிக்குக்குப் பழகிவிட்டதா?

உடம்பு பழகவில்லை. தூக்க மாத்திரைக்கும் சில வலி ஊசிகளுக்கும் உடம்பு பழகும். அவை வேலை செய்யும் இடம் நம் செல்கள். ஆன்டிபயாடிக்கின் வேலை பாக்டீரியாவிடம். மசியாமல் போவதும் அந்தப் பாக்டீரியாதான். அதனால்தான் ஒரு மாத்திரைகூடத் தொடாத பச்சைக் குழந்தைக்கும், பல மருந்துகளுக்கு அடங்காத கிருமி தொற்றிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. போன தடவை வந்தது வைரஸ் காய்ச்சலாகவே இருந்திருக்கலாம். தானாக இறங்கிய காய்ச்சலுக்கு மாத்திரை பேர் வாங்கிக்கொண்டிருக்கும்.

குழப்பத்தில் தமிழ்ச் சொல்லுக்கும் பங்கு உண்டு. நோயை எதிர்ப்பது உடம்பு, மருந்தை எதிர்ப்பது கிருமி. இரண்டையுமே ‘எதிர்ப்பு சக்தி’ என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே ‘மருந்தெதிர்ப்பு’ என்று வரும் இடமெல்லாம் கிருமியின் குணத்தையே குறிக்கும்.

மருந்தைப் பார்த்துப் பார்த்துக் கிருமி கற்றுக்கொள்கிறதா?

கற்றுக்கொள்வதில்லை. பெருகும்போது பிழை விடுகிறது, அவ்வளவுதான். குடலில் வாழும் ஈ.கோலையை எடுத்துக்கொள்வோம். அதன் டி.என்.ஏ. ஏறத்தாழ 46 லட்சம் எழுத்து. நல்ல உணவும் சூடும் இருந்தால் 20 நிமிடத்துக்கு ஒரு தரம் இரண்டாகும். ஒரே ஒரு செல்லில் தொடங்கினால் 10 மணி நேரத்தில் 30 தலைமுறை, கணக்குப்படி 107 கோடி. ஏறத்தாழ ஆயிரம் தடவை நகலெடுத்தால் ஒரு தடவை ஓர் எழுத்து மாறிப்போகும். அப்படிப் பார்த்தால் ஒரே இரவில் சுமார் 10 லட்சம் பிழைகள். அவற்றில் பெரும்பாலானவை எதற்கும் உதவாதவை, சில அந்தச் செல்லையே கொன்றுவிடும். ஒன்றிரண்டு மட்டும், இன்னும் கண்ணில் படாத ஏதோ ஒரு மருந்திலிருந்து தப்பிக்க வழி செய்துவைத்திருக்கும்.

மருந்தைச் சந்திக்கும் முன்பே இது நடந்துவிடுகிறது என்பதை 1952-ல் ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு வெல்வெட் துணியை வைத்துக் காட்டினார்கள். மருந்தில்லாத தட்டில் பாக்டீரியாவை வளர்த்து, அதன்மேல் வெல்வெட்டை மெல்ல அழுத்தி எடுத்தார்கள். ரப்பர் ஸ்டாம்பில் மை ஒட்டுவது போலத் துணியின் இழைகளில் கிருமி ஒட்டியது. அதே துணியை ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த தட்டுகளில் வரிசையாக ஒற்றினார்கள். மறுநாள் பார்த்தால் எல்லாத் தட்டிலும் ஒரே இடத்தில்தான் புள்ளி முளைத்திருந்தது. முதல் தட்டில் அதற்கு நேரான இடத்திலிருந்து எடுத்த கிருமி, மருந்தை ஒருபோதும் தொடாதது. அதற்குள்ளேயும் மருந்தெதிர்ப்பு இருந்தது.

அப்படியானால் மருந்தின் மேல் என்ன தப்பு?

களை எடுப்பதில்தான். மசிகிறவை செத்து ஒழிந்தால், மசியாத ஒன்றுக்கு மொத்த இடமும் சோறும் கிடைக்கும்.

இங்கே பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. தொண்டை வலிக்கு விழுங்கிய மாத்திரை தொண்டைக்கு மட்டும் போவதில்லை. நம் உடம்பில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியா குடியிருக்கின்றன, பெரும்பகுதி பெருங்குடலில். உங்களுக்கு எந்தக் கெடுதலும் செய்யாமல் இருந்த அவையும் அந்த ஐந்து நாளும் மருந்தில் முங்குகின்றன. தொண்டைக் கிருமி செத்தாலும், வயிற்றுக்குள் களையெடுப்பு நடந்து மசியாத ஈ.கோலை மட்டும் தழைத்திருக்கும். நான்கு மாதம் கழித்துச் சிறுநீர்த் தொற்று வந்தால், அது பெரும்பாலும் அந்த ஈ.கோலையிடமிருந்துதான் வரும். ஒரு முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டதன் தாக்கம் இப்படி 12 மாதம் வரைகூடத் தெரிகிறது. அதனால்தான் புது மருத்துவரிடம் போனால், கடைசி ஒரு வருடத்தில் என்னென்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்கள் என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

மருந்தை அது எப்படித்தான் முறியடிக்கிறது?

முதல் வழி, மருந்தையே உடைப்பது. பென்சிலின் குடும்பத்து மருந்துகள் எல்லாவற்றிலும் பீட்டா-லாக்டம் என்ற நான்கு முனை வளையம் உண்டு. பாக்டீரியா தன் சுவரைக் கட்டும் நொதியில் (என்சைமில்) இந்த வளையம் போய்ச் சிக்கிக்கொள்வதால்தான் சுவர் எழும்பாமல் அது வெடித்துச் சாகிறது. பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியைச் செய்யும் கிருமி, மருந்து சுவர் வரை போவதற்குள் வளையத்தை அறுத்துவிடும். பென்சிலின் மருத்துவமனைகளில் பரவலாவதற்கு முன்பே, 1940-ல், ஆப்ரஹாம், செயின் என்ற இரு விஞ்ஞானிகள் இந்த நொதியைக் கண்டு எழுதிவிட்டார்கள்.

எல்லோருக்கும் தெரிந்த 625 மாத்திரை இதற்கான பதில். அதில் 500 மி.கி. அமாக்சிசிலின், 125 மி.கி. கிளாவுலனிக் அமிலம். அமாக்சிசிலின்தான் கொல்லும் மருந்து. கிளாவுலனிக் அமிலம் தனியாகப் பெரிதாக எதையும் கொல்லாது. நொதியின் வாயில் தானே போய் மாட்டிக்கொண்டு அதை அடைத்துவிடும், அந்த இடைவெளியில் அமாக்சிசிலின் உள்ளே நுழையும். ‘625 பவர் ஜாஸ்தி’ என்பது கடைப் பேச்சு. கொல்லும் மருந்து 500 மாத்திரையில் இருக்கும் அதே அளவுதான். கிருமியிடம் அந்த நொதி இல்லையென்றால் கூடுதல் 125-ஆல் கிடைப்பது பெரும்பாலும் வயிற்றுப்போக்கு மட்டுமே.

இரண்டாவது, மருந்து ஒட்டும் இடத்தை மாற்றிக்கொள்வது. எம்.ஆர்.எஸ்.ஏ. எனப்படும் ஸ்டஃபைலோகாக்கஸ், பென்சிலின் வகைகள் ஒட்டாத வேறொரு சுவர் கட்டும் நொதியைக் கூடுதலாக வைத்திருக்கிறது. இதனிடம் கிளாவுலனிக் அமிலம் பலிக்காது. இங்கே மருந்து உடைவதே இல்லை, ஒட்டத்தான் முடியவில்லை. பென்சிலின் வகையான மெத்திசிலின் பிரிட்டனில் புழக்கத்துக்கு வந்த ஓரிரு வருடத்தில், 1961-ல், இந்தக் கிருமி அங்கே பதிவானது.

மற்றவை சுருக்கமாக: உள்ளே வந்த மருந்தைப் பம்ப் வைத்து வெளியே இறைப்பது (டெட்ராசைக்ளினுக்கு இது வழக்கம்), மருந்து நுழையும் துளைகளையே அடைப்பது. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா இந்த இரண்டிலும் கைதேர்ந்தது.

ஒரு கிருமி இன்னொன்றுக்கு இதைக் கொடுக்குமா?

கொடுக்கும். மருந்தெதிர்ப்பு இவ்வளவு வேகமாகப் பரவுவதற்குப் பிழைகளை விட இதுதான் பெரிய காரணம். பாக்டீரியாவின் முதன்மை டி.என்.ஏ.வுக்கு வெளியே பிளாஸ்மிட் என்ற சிறு வளையங்கள் இருக்கும். இரண்டு கிருமி ஒட்டி நின்றால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் குழாய் போன்ற இணைப்பு வழியே இதன் நகல் போய்விடும். இனம்கூட ஒன்றாக இருக்கத் தேவையில்லை. ஒரே பிளாஸ்மிட்டில் ஐந்தாறு மருந்துக்கான ஜீன்கள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். அப்போது அதில் எந்த ஒரு மருந்தைக் கொடுத்தாலும் மற்ற ஐந்துக்கான எதிர்ப்பும் சேர்ந்தே தழைக்கும்.

டைஃபாய்டின் கதையில் இதைப் படிப்படியாகப் பார்க்கலாம். குளோராம்ஃபெனிகால்தான் ஒரு காலத்தில் கண்கண்ட மருந்து. 1972-ல் கோழிக்கோட்டில் அதற்கு மசியாத டைஃபாய்டு பரவியது. ஆம்பிசிலினும் கோ-ட்ரைமாக்சசோலும் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியாவில் பல இடங்களில் கைவிட்டன. சிப்ரோஃப்ளாக்சசினுக்கு மாறினார்கள், அந்த மருந்து ஒட்டும் நொதியில் ஓர் எழுத்து மாறியது, அதன் பலம் குறைந்தது. அடுத்து செஃப்ட்ரியாக்சோன் ஊசி. 2016-ல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில், ஈ.கோலையிடம் காணப்படுவது போன்ற பிளாஸ்மிட் ஒன்றை வாங்கிய டைஃபாய்டு கிருமி அந்த ஊசிக்கும் அடங்க மறுத்தது. வாய்வழி மருந்தில் மிஞ்சியது அசித்ரோமைசின். இதைத்தான் நம் ஊரில் தொண்டை கரகரப்புக்கு ‘மூணு நாள் மாத்திரை’ என்று கேட்டு வாங்குகிறார்கள்.

என்.டி.எம்-1 என்பது என்ன? அதற்கும் சென்னைக்கும் என்ன தொடர்பு?

கடைசிக் கட்ட மருந்துகளான கார்பபெனெம்களையே உடைக்கும் நொதி. புது டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒருவரிடம் 2008-ல் ஸ்வீடனில் கண்டறியப்பட்டதால் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது (என்.டி. என்றால் நியூ டெல்லி). இது துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிற வகை, அதனால் கிளாவுலனிக் அமிலம் இதன் வாயை அடைக்காது. 2010-ல் வெளிவந்த பெரிய ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. மாதிரிகளில் ஒரு பகுதி சென்னையிலிருந்து போனவை. பெயரை வைத்து நாட்டில் எழுந்த கோபத்தில் நொதியைப் பற்றிய பேச்சு அமுங்கிப்போனது என்பதே எங்கள் எண்ணம். 2012-ல் மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட ‘சென்னைப் பிரகடனம்’ பேச்சைத் திரும்பவும் மருந்துக் கட்டுப்பாட்டின் பக்கம் கொண்டுவந்தது.

கோர்ஸை முழுசாக முடிக்காவிட்டால் எதிர்ப்பு வந்துவிடும் என்கிறார்களே?

நோயைப் பொறுத்தது. எல்லா நோய்க்கும் ஒரே விதி சொல்வது தவறு.

காசநோய்க்கு அது நூற்றுக்கு நூறு உண்மை. கணக்கைப் பாருங்கள். ஐசோனியாசிடுக்கு மசியாத கிருமி ஏறத்தாழ 10 லட்சத்தில் ஒன்று. ரிஃபாம்பிசினுக்கு மசியாதது 10 கோடியில் ஒன்று. நுரையீரலில் விழுந்த ஒரு குழியில் 10 கோடி கிருமி இருக்கலாம். ஐசோனியாசிட் மட்டும் கொடுத்தால் முதல் நாளே தப்பிக்கத் தயாராக 100 கிருமி காத்திருக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டிலிருந்தும் தப்பும் ஒன்று, 100 லட்சம் கோடியில் ஒன்று. அவ்வளவு கிருமி எந்த நுரையீரலிலும் இல்லை. மருந்துக்கு அடங்கும் சாதாரண காசநோய்க்கு முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் மூன்று மருந்து என்று இந்தியத் திட்டம் வைத்திருப்பதன் அடிப்படை இதுதான். இரண்டு மாதத்தில் இருமல் நின்று, உடம்பில் சதை பிடித்ததும் பலர் நிறுத்துவார்கள். மெதுவாகப் பெருகும் மிச்சக் கிருமிகள் அப்போதும் உள்ளேதான் இருக்கும். ஒரு மாத்திரை மட்டும் குமட்டுகிறது என்று அதை விட்டுவிட்டு மற்றவற்றைச் சாப்பிடுவது இதைவிட மோசம். மேலே சொன்ன பெருக்கல் கணக்கையே அது உடைத்துவிடும்.

சாதாரண தொற்றுகளின் கதை வேறு. சிக்கல் இல்லாத சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நைட்ரோஃபியூரன்டாயின் 5 நாள் போதும். வீட்டிலிருந்தபோது வந்த நிமோனியாவுக்கு, காய்ச்சல் விட்டு உடம்பு தேறினால், பலருக்கு 5 நாள் போதுமென்று ஆய்வுகள் காட்டிவிட்டன. கூடுதலாகச் சாப்பிடும் ஒவ்வொரு நாளும் குடலில் களையெடுப்பு தொடரும் நாள். ஆகவே நாளை நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இன்னொரு அட்டை வாங்கவும் வேண்டாம். சீட்டில் 10 நாள் என்று இருந்தால், 5 நாள் போதுமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

கல்ச்சர் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

நோயாளியின் மாதிரியில் இருக்கும் கிருமியை லேபில் வளர்த்து, எந்த மருந்துக்கு அது மசிகிறது என்று பார்ப்பதுதான் கல்ச்சர். முதலில் ரிப்போர்ட் எப்படித் தயாராகிறது என்று பார்க்கலாம். கிருமியை உப்பு நீரில் கலக்கி, ஒரு மி.லி.க்கு ஏறத்தாழ 15 கோடி இருக்கும் அளவுக்குக் கலங்கல் வைக்கிறார்கள். அதை 4 மி.மீ. கனமுள்ள அகார் (கிருமி வளர்க்கும் ஜெல்லி) தட்டில் பஞ்சுக் குச்சியால் மூன்று திசையிலும் பூசுகிறார்கள். 15 நிமிடத்துக்குள் மருந்து தோய்ந்த வில்லைகளை வைத்து, 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் விடுகிறார்கள். மருந்து பலிக்கும் வில்லையைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் தெளிவான வட்டம் விழும். வட்டத்தின் விட்டத்தை அளந்து அட்டவணையோடு ஒப்பிட்டால் எஸ், ஐ, ஆர் என்ற எழுத்து வருகிறது. எஸ் என்றால் பலிக்கும், ஆர் என்றால் பலிக்காது, ஐ என்றால் இடைப்பட்டது. அகார் கனமாக ஊற்றப்பட்டாலோ கலங்கல் அதிகமானாலோ வட்டம் சுருங்கும், பலிக்கிற மருந்தும் பலிக்காதது போலத் தெரியும்.

பெரிய வட்டம் விழுந்ததே நல்ல மருந்து என்று நினைப்பது பெரும் தவறு. ஈ.கோலைக்கு நைட்ரோஃபியூரன்டாயின் வட்டம் 18 மி.மீ. வந்தால் அது எஸ், ஏனென்றால் வரம்பு 17. அதே தட்டில் சிப்ரோஃப்ளாக்சசின் வட்டம் 20 மி.மீ. வந்தால் அது ஆர். எஸ் ஆக 26 வேண்டும். சில ரிப்போர்ட்டில் வட்டத்துக்குப் பதில் எம்.ஐ.சி. என்ற எண் இருக்கும். கிருமி வளராமல் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு அது. அதிலும் ‘சின்ன எண் உள்ள மருந்தைக் கொடுங்கள்’ என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு மருந்துக்கும் வரம்பு வேறு என்பதால் ஒரு மருந்தின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடவே கூடாது.

சிறுநீர் மாதிரி என்றால் தப்பு பெரும்பாலும் லேபுக்குப் போகும் முன்பே நடக்கிறது. கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். முதல் ஆன்டிபயாடிக் மாத்திரை வாய்க்குள் போவதற்கு முன் பிடிக்க வேண்டும். 2 மணி நேரத்துக்குள் லேபில் சேராவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். மே மாத மதியத்தில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் கிடந்த பாட்டிலில் 20 நிமிடக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும், சில நூறு கிருமி லட்சமாகிவிடும். மூன்று நான்கு வகைக் கிருமி வளர்ந்தது என்று வந்தால் அநேகமாக மாதிரி அசுத்தமாகிவிட்டது, திரும்பக் கொடுங்கள். எரிச்சல், காய்ச்சல் எதுவுமே இல்லாமல் கல்ச்சரில் மட்டும் கிருமி வந்தால், கர்ப்பிணிகளையும் சிறுநீர்ப் பாதை அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களையும் தவிரப் பெரும்பாலோருக்கு மருந்து தேவையில்லை.

சளி மஞ்சளாகிவிட்டால் ஆன்டிபயாடிக் வேண்டும்தானே?

வேண்டாம். நிறம் நம் வெள்ளணுக்களின் நொதியிலிருந்து வருவது. வைரஸ் சளியிலும் மூன்றாம் நாள் மஞ்சளும் பச்சையும் வரும். மூச்சு வாங்கினாலோ, இறங்கிய காய்ச்சல் திரும்ப ஏறினாலோ மருத்துவரிடம் போங்கள்.

வயிற்றுப்போக்குக்கு மெடிக்கலில் கொடுக்கும் மாத்திரை?

ஓஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் ஒட்டிய மாத்திரையைத்தான் பெரும்பாலும் தருவார்கள். ஒன்று பாக்டீரியாவுக்கு, மற்றது அமீபா வகைகளுக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் ஒருவருக்கு வருவது அபூர்வம், ஆகவே ஒரு பாதியாவது வீண். தண்ணீராகப் போவது பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானே நிற்கும். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை முழுசாக ஒரு லிட்டர் நீரில் கரைத்துக் கொடுங்கள். பாதிப் பொட்டலத்தைக் கண் அளவில் டம்ளரில் போட்டால் உப்பு கூடியோ குறைந்தோ போகும். குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரை 14 நாள்: 6 மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி., அதற்குக் கீழ் 10 மி.கி. மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், கண் குழி விழுதல் என்றால் வீட்டு வைத்தியம் போதாது.

கோழிப் பண்ணையிலும் ஆற்றிலும் கலப்பதைவிட நாம் சாப்பிடுவது பெரிய விஷயமா?

மூன்றும் சேர்ந்ததுதான். மனிதருக்குக் கடைசி மருந்தான கோலிஸ்டினைக் கோழி எடை போடத் தீவனத்தில் கலந்துவந்தார்கள். உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அது கூடாதென்று இந்தியா 2019 ஜூலையில் தடை போட்டது. ஆற்றைப் பொறுத்தவரை, தெலங்கானாவின் ஹைதராபாத்தை ஒட்டிய பட்டஞ்செருவில் மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில், ஒரு லிட்டருக்கு 31 மி.கி. வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை 2007-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு 500 மி.கி. மாத்திரை விழுங்கியவரின் ரத்தத்தில் உச்சத்தில் இருப்பது லிட்டருக்கு 2, 3 மி.கி.தான்.

சமையலறையில் செய்யக்கூடியது: பச்சைக் கோழியைக் குழாயடியில் பிடித்துக் கழுவாதீர்கள், துளி தெறித்துப் பக்கத்திலிருக்கும் கொத்தமல்லியில் விழும். கோழி வெட்டிய பலகையில் வெங்காயம் நறுக்காதீர்கள். நன்கு வெந்தால் கிருமி செத்துவிடும், மசியாத கிருமி உட்பட.

ஒரு மருந்தைக் கொஞ்ச காலம் நிறுத்திவைத்தால் அது திரும்பப் பலிக்குமா?

சில நேரம். பின்லாந்தில் எரித்ரோமைசின் வகைகளைக் குறைத்தபோது, அதற்கு மசியாத தொண்டைக் கிருமி 1992-ல் 16.5 சதவீதமாக இருந்தது 1996-ல் 8.6 ஆனது. பிரிட்டனில் 1990-களில் சல்ஃபா மருந்துப் பயன்பாடு 97 சதவீதம் குறைந்தும் ஈ.கோலையில் அதற்கான எதிர்ப்பு குறையவே இல்லை. சல்ஃபா ஜீன் வேறு மருந்துகளின் ஜீன்களோடு ஒரே பிளாஸ்மிட்டில் சவாரி செய்ததே முக்கியக் காரணம். வருவது சுலபம், போவது கஷ்டம்.

புது மருந்து வராதா?

வருகிறது, மெதுவாக. சென்னையின் ஆர்க்கிட் மருந்து நிறுவனத்தில் கண்டறியப்பட்ட என்மெட்டாசோபேக்டம், செஃபெபிம் என்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்து 2024 பிப்ரவரியில் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. அதுவும் 625-ல் இருக்கும் கிளாவுலனிக் அமிலம் போல நொதியின் வாயை அடைப்பதுதான். என்.டி.எம். நொதி அதற்கும் அடங்காது.

மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு எதற்கு?

சீட்டில்லாமல் வாங்கக் கூடாது என்பதற்கு. இவற்றில் சில, 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்1 பட்டியலில் இருப்பவை. அவற்றை விற்றால் மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். பல கடைகளில் எழுதுவதில்லை என்பது ஊரறிந்தது.

மீந்துபோன மாத்திரை, சிரப்பை என்ன செய்வது?

அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துவைக்க வேண்டாம், கழிப்பறையில் கொட்டவும் வேண்டாம். அட்டையிலிருந்து பிரித்து, பழைய டீத்தூளோடு பிசைந்து, கட்டிய கவரில் குப்பைக்குப் போடலாம்.

தூளில் தண்ணீர் கலந்து கொடுக்கும் குழந்தைகளின் ட்ரை சிரப்பில் கூடுதல் கவனம் தேவை. அமாக்சிசிலின்-கிளாவுலனேட் சிரப் தண்ணீர் கலந்தபின் ஃபிரிட்ஜில் 7 நாள்தான். வெளியே வைத்தாலோ நாள் கடந்தாலோ முதலில் கெடுவது கிளாவுலனேட். பாட்டில் பார்க்க அப்படியே இருக்கும், வாசனையும் மாறாது. உள்ளே நொதியிலிருந்து காக்கத் துணையில்லாத அமாக்சிசிலின் மட்டும் மிஞ்சியிருக்கும். நொதியுள்ள கிருமிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. கலந்த தேதியைப் பேனாவால் பாட்டிலிலேயே எழுதிவிடுங்கள்.